கிரீஸ் தடவிய இஞ்சின்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். அவள் மடியில், தகர டப்பாவும் கண்ணாடி ஊசிக்குழாயும் ஒரு சக்கரமும் வைத்து அவளே செய்த ஒரு சின்ன இஞ்சின்.

“இன்னா நைனா, இதுக்குப் போய் கிரீஸ் தடவி வெச்சிருக்க?”

“காஞ்சி கெடந்துச்சும்மா. நம்ம மீன்புடி போட்டு இஞ்சினை அப்டி உட்டா உள்ள புடிச்சிக்கும்.”

“இது டீசல்ல ஓடாது நைனா. டப்பாவுல காத்து சூடாகித் தள்ளணும். காத்துக்கு இன்னா பலம் இருக்கு? கிரீஸைத் தள்ளாது.”

“அப்ப ஓடாதா?”

“இன்னிக்கு சார் முன்னாடி ஓடலன்னா பிராஜெக்ட் ஃபெயில்.”

அப்பா, தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கிக் குழாய்க்குள் விட்டு, பொன்னேரி வரும்வரை துடைத்தார்.

“வேற எதுவுமே தடவ வேணாவா?”

“பென்சில் தூள் போதும். நானே போட்டுக்கிறேன்.”

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இஞ்சினை வைத்து, குழாய்க்குள் பென்சில் தூளைத் தூவி, டப்பாவின் கீழே மெழுகுவத்தி ஏற்றினாள். எனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது; ஆனாலும் நின்றேன். சக்கரத்தை விரலால் சுண்டினாள். நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி சுண்டினாள். இந்த முறை அது நிற்கவில்லை.

“சத்தமே வர்லியே. ஓடுதா?”

“ஓடுது நைனா.” மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். “கொஞ்சம் புடி, துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிறேன்.”

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. கையில இன்னும் கிரீஸ் இருக்கு.”