சுண்டுவிரல் நுழையாத துப்பாக்கி

உங்கள் அறைக் கதவின் கீழ்க் கீல் தளர்ந்திருக்கிறது மேடம். அதனால்தான் மூடும்போதெல்லாம் தரையில் உரசுகிறது. ஒரு திருகாணியை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. நான் இதைச் சொல்ல வரவில்லை. ஆனாலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழில் அப்படி.

துப்பாக்கிச் சங்கத்தின் பின்கட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நான் மெக்கானிக். என் மனைவி பள்ளியில் கணக்கு எடுக்கிறாள், அதனால் சங்கத்தில் அவள் டீச்சர். அவளைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வெளியூர் போய்விட்டார், இன்னொருவர் பொய் சொல்கிறார்.

செத்துப்போனவனை உங்கள் விசாரணை அறிக்கையில் வகைப்பாட்டு அதிகாரி என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அவனைப் பட்டியல் என்போம். அரசு வேலைக்குப் போவதற்கு முன்பு அவன் எங்கள் சங்கத்தில்தான் சுடக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்தவள் என் மனைவி. அவளை அக்கா என்பான், என்னை மாமா என்பான். எங்கள் சாப்பாட்டு மேசையில் ஜன்னலோர நாற்காலி அவனுடையது. எங்கள் மகன் வந்தால்கூட வேறு நாற்காலியில்தான் உட்காருவான்.

முதல் நாள் அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது குறி பார்ப்பது அல்ல. ஒரு துப்பாக்கியைக் கைமாற்றும்போது கொடுப்பவர், தோட்டா போடும் வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து, உள்ளே காலி என்று காட்ட வேண்டும். வாங்குபவர் கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கணவன் மனைவியானாலும் இதுதான் முறை. எங்கள் ஆட்களைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம், வலது சுண்டுவிரல் நகத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்தக் கறையால்தான் இத்தனை வருடமும் அங்கே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

பிறகு துப்பாக்கிகளுக்கென்று அரசின் மூன்று பட்டியல்கள் வந்தன. முதல் பட்டியலில் இருப்பதை வைத்திருக்கலாம். இரண்டாவதில் இருப்பதை, அனுமதி கேட்டுவிட்டு வெளியே எடுக்கலாம். மூன்றாவதில் இருப்பதை வைத்திருக்கவே கூடாது. எந்தத் துப்பாக்கி எதில் சேரும் என்று கையெழுத்துப் போடுவது அவன் வேலை. என் மனைவியின் துப்பாக்கி இரண்டே வருடத்தில் மூன்றாவதற்கு வந்து சேர்ந்தது. காரணம், தோளில் அணைக்கும் அதன் மரக்கட்டையில் பெருவிரல் நுழைய ஒரு துளை இருந்தது. அவள் மணிக்கட்டு ஒருமுறை உடைந்து, சரியாகத் திரும்பாமல் போனதால் அந்தத் துளையைப் போட்டேன். வால்நட் மரம். பதினோரு மாதம் அவள் கையை அளந்து அளந்து செதுக்கினேன். அப்படிப்பட்ட துளை ராணுவ வகையைச் சேர்ந்தது என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

எங்கள் ஆட்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒருவர் கட்டையையே அறுத்தெறிந்தார். சர்வேயர் ஒருவர் துளையில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, பாலீஷும் போட்டுக் கொண்டுபோனார். அடைத்த துளையும் துளையே என்று பதில் வந்தது. கையெழுத்து பட்டியலுடையது.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்ல அவனே நேரில் வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ரெண்டு வழிதான்க்கா. ஒப்படைச்சா உருக்கிடுவாங்க. இல்லைன்னா மாமாவே அதைச் செயலிழக்க வெச்சு முத்திரை போட்டுத் தரட்டும், சுவத்துல மாட்டிக்குங்க.”

“ஓட்டைதானேடா பிரச்சினை?”

“ஓட்டைதான்க்கா.”

“அப்போ உன் மண்டையில இருக்கிறது எந்தப் பட்டியல்ல வருது?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டான். அவன் போன பிறகு அவள் தட்டுகளை அடுக்கியபடியே, “விடுங்க, போகட்டும். எனக்கும் முன்ன மாதிரி கண்ணு தெரியல” என்றாள். வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிற ரகமில்லை அவள். அவளுக்கு உள்ளே எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செயலிழக்கச் செய்ய அங்கீகாரம் பெற்றவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அதில் மூன்று வேலைகள் உண்டு. இரண்டு உள்ளே நடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, போல்ட்டைத் திறக்க முடியாதபடி நிரந்தரமாக மூடுவது. இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மூன்று மனுக்கள் எழுதினேன். நான்காவது பத்தியில் தெளிவாகவே சொல்லியிருந்தேன்: திறக்க முடியாத துப்பாக்கியைச் சோதிக்க முடியாது. முத்திரையைப் பார்த்து மனிதர்கள் சுண்டுவிரலை மறப்பார்கள், ஒருநாள் ஒரு உயிர் போகும். மூன்று மனுவுக்கும் ஒரே பதில், கருத்து பரிசீலனையில் உள்ளது. நான்காவது மனு எழுதுவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது.

இதற்கிடையே பட்டியல் ஒரு வழக்கம் வைத்திருந்தான். துப்பாக்கியைப் பறிகொடுக்கிறவர்கள் பாதிப்பேர் அவனைத் திட்டுவார்கள், சிலர் அழுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, முத்திரை போட்ட துப்பாக்கியை உரிமையாளர் கையிலேயே கொடுத்து, நாலடி தள்ளி நின்றுகொள்வான். “கடைசியா என்னை ஒரு தடவை சுட்டுக்குங்க, கோவம் தீரட்டும்” என்பான். டக் என்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அதைப் படமெடுத்துக் கோப்பில் வைப்பார்கள். பதினான்கு பேர் அவனை அப்படிச் சுட்டிருக்கிறார்கள். அத்தனை முறையும் நான் அந்த அறையில் இருந்தேன். ஒருமுறைகூட அவன் சுண்டுவிரலை நீட்டவில்லை. நீட்டவும் வழியில்லை.

என் மனைவியின் துப்பாக்கியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தேன், வெளியே தெரிகிற வேலையை. அதையும் சூடு படாமல் செய்தேன், ஏனென்றால் உள்ளே ஒரு தோட்டா இருந்தது. பார்ப்பதற்கு என் மற்ற வேலைகளைப் போலவே சுத்தமாக இருந்தது. முத்திரையை நேராகக் குத்தினேன்.

சனிக்கிழமை காலை, சங்கத்தின் தேநீர் அறை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவன் முத்திரையைத் தடவிப் பார்த்தான். “மாமா கைவேலைன்னா தனிதான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். துப்பாக்கியை அவளிடம் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றான்.

“ஆள் மேல நீட்ட மாட்டேன்டா. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுவா?”

“செத்த பாம்புக்கா அது. சர்வேயர் சார் என்னை ரெண்டு தடவை சுட்டாரு, ஒண்ணு வட்டியாம். நீங்க ஒரு தடவையாவது சுடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பழக்கத்தில் அவள் கை போல்ட்டுக்குப் போனது. அது அசையவில்லை. அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, இழுக்கலாமா?”

“இழு. நான் பார்த்துதான் கொடுத்திருக்கேன்.”

அதில் பொய் எதுவும் இல்லை மேடம். குறி பார்க்காமல் விசையை இழுத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, எப்போதும் போலத்தான் இழுத்தாள். கை நடுங்கவில்லை. அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். “அக்கா” என்று மட்டும் சொன்னான். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சை அழுத்திப் பிடித்தாள். சட்டையெல்லாம் நனைந்த பிறகும் விடவில்லை. நான்தான் விலக்கினேன்.

மூன்று வாரம் அது விபத்தாக இருந்தது. போல்ட்டை மூடும் விதியை நிறுத்திவைத்தார்கள். எனக்கு அதுவே போதும். வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் நேற்று உங்கள் அறிக்கை வந்தது. மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று போட்டிருந்தீர்கள். என் கையிலிருந்து போன எந்த வேலையும் கவனக்குறைவாகப் போனதில்லை. அந்தத் துப்பாக்கி அங்கே என்ன செய்ய வேண்டுமென்று நினைத்தேனோ அதைத்தான் செய்தது. தோட்டாவை வைத்தவன் நான். அவன் நிற்கப்போகும் இடம் எனக்குத் தெரியும். அவனைக் கொன்றது நான். அந்தச் சொல்லை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு முன்னதாக எதுவும் தெரியாது. பிறகு ஏன் அவள் கையில் கொடுத்தாய் என்கிறீர்கள். அவளுடைய துப்பாக்கி, வேறு யார் கையில் கொடுப்பது? பறிபோனது அவளுடையது, அதைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையும் அவளுடையதுதானே. இப்போது மருத்துவமனையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். யாரிடமும் பேசுவதில்லை. நான் போனால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். அதிர்ச்சி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நர்ஸும் சொல்கிறார்.

உங்கள் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, அதில் மனைவிக்காக என்று எழுதுங்கள். அவளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டியதில்லை.