சலுகைச் சீட்டும் அக்கா முறையும்

ஹோர்சன்ஸிலிருந்து கோப்பன்ஹேகன் செல்லும் ரயிலில் என் எதிரே இரு தமிழ்ப் பெண்மணிகள் அமர்ந்திருந்தனர்.

“ராணியக்கா, முழுக்காசு குடுத்தோ ரிக்கற் எடுத்தனீங்கள்?”

“ஓம் யோகம், எனக்கு அறுபத்து நாலுதானே. முதியோர் சலுகைக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு. நீ என்னிலும் இளமை, உனக்கு இன்னும் தள்ளி.”

அப்பொழுது பரிசோதகர் வந்து, யோகத்தின் சலுகைச் சீட்டைப் பார்த்து வயதுச் சான்றையும் கேட்டார். யோகம் நீட்டிய அட்டையை ராணியம்மையார் எட்டிப் பார்த்தார்.

“அறுபத்தேழோ! முப்பது வருசமா என்னை அக்கா எண்டு கூப்பிட்டியே!”

யோகம் நிமிர்ந்து அமர்ந்தார்.

“வயசு தெரியக்கூடாது எண்டு இரண்டு வருசம் முழுக்காசு கட்டினனான். இனி மாட்டன். உழைச்சு வந்த வயசு, ஒளிக்க என்ன கிடக்கு?”

ராணியம்மையார் எழுந்து, தமது யன்னலோர இருக்கையைக் காட்டினார்.

“இஞ்சை இருங்கோ, யோகமக்கா.”