முன்னுக்குப் போற பைக்

இல்லப் பிள்ளை, அந்தக் கதிரை வேண்டாம். இங்கால, வாசலைப் பாத்து இருங்கோ, வெளிச்சம் உங்கட முகத்தில படட்டும். ஆ, இப்ப சரி. ஹெல்மெட்டை அந்த அலுமாரிக்கு மேல வையுங்கோ. என்ட மனிசி சீலா குசினியில தேத்தண்ணி போடுறா. கோவத்தோட வந்தாலும் குடிச்சிட்டுத்தான் போகவேணும்.

கடிதமோ? அதை நீங்களே வச்சிருங்கோ. என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியும். இனிமே ஞாயிற்றுக்கிழமை பைக் ஓட்டத்தில இந்தப் பேணாட் முன்னுக்குப் போகக்கூடாது, வாறதெண்டாக் கடைசியில வரட்டும். அதுதானே? அதைச் சொல்லத்தானே கிளப் செக்கிரட்டரி நிவேதிகா அன்புவழிபுரத்தில இருந்து காலங்காத்தால வெளிக்கிட்டு வந்தனீங்க? உங்களை அனுப்பினது நல்லதாப் போச்சு. ஜெமீலை அனுப்பியிருந்தா எனக்கு ஒண்டும் விளங்கியிராது. அவன்ட மீசை வாயை முழுக்க மூடிக்கிடக்கு. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன்.

நான் பின்னுக்குப் போகமாட்டன். முதல்ல அதைச் சொல்லிப்போட்டன். பதினொரு வருசமா இந்தக் கிளப்பில என்ட பைக்தான் முன்னுக்கு. எந்த மதகடியில தார் உடைஞ்சிருக்கு, எந்த வளைவில மாடு படுத்திருக்கும் எண்டு கேட்டா எனக்குத்தான் தெரியும். இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன். சரி சரி, திறந்துகொண்டுதான்.

ஓம், முத்தலிப்பின்ட விசயம். கதையுங்கோ, ஒளிக்க ஒண்டுமில்லை. போன ஞாயிறு இலங்கைத்துறைக்குப் போனம், ஏழு பைக். மூதூர் தாண்டி அவன்ட செயின் அறுந்து, எகிறிக் கணுக்காலை வெட்டிப்போட்டுது. நீங்க எல்லாரும் நிண்டிட்டீங்க. செயின் கொழுவுற லிங்க், நட்டுச் சாவியள், மருந்துச்சீலை எல்லாம் போட்ட சாமான் பை என்ட பைக்கில. நான் நிக்காமப் போயிட்டன். ஆறு பைக்கும் சேந்து ஹோன் அடிச்சனீங்க, ஊர்ச்சனம் வெளியில வந்து பாத்ததாம். தெரியும், ஜெமீல் எழுதி அனுப்பினவன்.

போனும் அடிச்சனீங்கதான், இருபத்திமூண்டு தரம். அது அந்தச் சாமான் பைக்குள்ள கிடந்தது. நான் அங்க போய் ஏழு பேருக்கும் மீன் பொரிக்கச் சொல்லிப்போட்டு, முக்கால் மணித்தியாலம் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகுதான் போனை எடுத்தன். எடுத்த உடன திரும்பி ஓடி வாறன், நீங்க லொறி ஒண்டில பைக்கையும் அவனையும் ஏத்திக்கொண்டு மூதூர் ஆசுப்பத்திரிக்குப் போயிட்டீங்க. றோட்டில கொஞ்சம் ரத்தமும் செயின் துண்டும்தான். அந்த இடத்தில குந்தியிருந்து அழுதனான் பிள்ளை. இந்த வயசில, நடு றோட்டில.

ஏன் பின்னுக்குப் பாக்கேல்லையோ? நல்ல கேள்வி. என்ட றோட்மாஸ்டர் பழைய ஸ்ரீ நம்பர் வண்டி, ரெண்டு சிலிண்டர், வயசுபோன சாமான். கிண்ணியாப் பாலத்தில இருந்து குலுக்கிக் குலுக்கிக் கண்ணாடியின்ட நட்டு இளகி, கண்ணாடி மேல பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. நான் பாக்கிற நேரமெல்லாம் வானம். வானமும் ஒரு கொக்கும். வருவாங்கள், ஆறுதலா வருவாங்கள் எண்டு நினைச்சன். நிப்பாட்டி நட்டை இறுக்க ஒரு நிமிசம் போதும். இறுக்கேல்ல. அது என்ட பிழை, பச்சைப் பிழை. முத்தலிப் வீட்ட போய் மன்னிப்புக் கேட்டனான், புதுச் செயினும் நானே பூட்டிக் குடுத்தனான். ஆனா பேணாட் பெருமையில விட்டிட்டுப் போனவன் எண்டு சொல்லித் திரியிறீங்க பாருங்கோ, அது பொய்.

என்ன சொன்னனீங்க? தேத்தண்ணிப் பேணியை வாயில இருந்து எடுத்திட்டுச் சொல்லுங்கோ.

ஓ, அது. முதல் நாள் பின்னேரம் முத்தலிப் எனக்குப் பின்னால நிண்டு மூண்டு தரம் கேட்டவனாம், அண்ணே இந்தச் செயின் தாங்குமோ எண்டு. நான் குனிஞ்சு பிளக்கைத் துடைச்சுக்கொண்டு மறுமொழி சொல்லேல்லையாம். அதுதான் அவனுக்கு நோகுது, காலைவிட. அவனும் அதைச் சொன்னவன். நான் தலையைக் குனிஞ்சுகொண்டு வந்திட்டன். அவன்ட அந்த ஓட்டைச் சைலன்சரைப் பற்றி ஒரு நாளும் முறைப்பாடு சொல்லாத ஒரே ஆள் நான்தான் எண்டதை ஒருத்தரும் யோசிக்கேல்ல.

பைக் திருத்துற என்ட கை பிழைச்சுப்போச்செண்டு மட்டும் சொல்லாதேங்கோ! ஜெமீலின்ட பைக்கில என்ஜினுக்குள்ள டெப்பட் இளகினதை ஆர் கண்டுபிடிச்சது? என்ஜின் தலையில ஸ்குரூட்ரைவர் நுனியை வச்சு, மற்றப் பக்கத்தைத் தாடை எலும்பில முட்டக் குடுத்தனான். நடிப்புக் காட்டுறார் எண்டு சிரிச்சனீங்க. சிரிச்சதைப் பாத்தனான். ஹாபரில கப்பல் இழுக்கிற டக்போட்டின்ட என்ஜின் அறையில இருபத்தாறு வருசம் நிண்டவன் பிள்ளை நான். கப்பலை இழுக்கேக்க அந்த இரும்பு அறை எப்பிடி அதிரும் தெரியுமோ? என்ஜின் என்ன சொல்லுதெண்டு கால்ல ஏறும், பல்லில ஏறும். அதை எனக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வெளிக்கிடப் போறீங்களோ? பொறுங்கோ, கேற் வரைக்கும் வாறன். பைக்கை ஸ்டார்ட் பண்ணுங்கோ பாப்பம். ம். ஹாண்டிலை விடுங்கோ, நான் டாங்கில கை வைக்கிறன். இஞ்ச, என்ஜினைப் பிடிச்சிருக்கிற போல்ட் ஒண்டு லூஸ். கீழ, இடது பக்கம். ஜெமீல் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டவனோ? அவன் காதால பாத்திருப்பான். நட்டுச் சாவியை எடுங்கோ, ரெண்டு திருகு. சரி. இனிக் கை விறைக்காது.

இப்ப நான் சொல்லுறதைப் போய்ச் சொல்லுங்கோ. ஒண்டு, சாமான் பை இனிமே கடைசி பைக்கில. அது முதலே அங்கதான் இருந்திருக்கவேணும், முன்னுக்குப் போறவனிட்டக் குடுத்தது எங்கட எல்லாற்ற மடத்தனமும்தான். ரெண்டாவது, என்ட வண்டியில இப்ப ரெண்டு பக்கமும் கண்ணாடி, பஸ்ஸுக்குப் போடுறது. நட்டுக்கு மேல நட்டு. சிரிக்கிறவங்கள் சிரிக்கட்டும். எனக்குப் பின்னால வாறவன் ஹோன் அடிக்க வேண்டாம். லைற்றைப் போட்டுப் போட்டு அணைக்கட்டும். நான் நிப்பன். அதை முத்தலிப்பே செய்யட்டும், அவன்தான் எனக்குப் பின்னால வரவேணும். ஞாயிறு காலமை ஆறு மணி, ஹாபர் றோட்டில நிப்பன், முன்னுக்கு.

பிள்ளை, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கதைக்காதேங்கோ. எனக்கு ஒண்டரை வருசமா ஒரு சத்தமும் கேக்கிறேல்ல. ரெண்டு காதும் போயிட்டுது, மெசின் வச்சும் சரிவரேல்ல. சீலாவுக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு நேரமும் உங்கட வாயைப் பாத்துத்தான் கதைச்சனான். ஏன் அழுறீங்க? சாகேல்ல நான். முத்தலிப்பிட்ட நானே சொல்லுறன், அவன்ட முகத்தைப் பாத்து.

இப்ப ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, இங்கால திரும்பிச் சொல்லுங்கோ. ஞாயிறு எனக்குப் பின்னால வாறீங்களோ, இல்லையோ?