கீழேயிருந்து வந்த பதில்

மணி இரண்டு தாண்டியிருக்கும். மழை விட்டுவிட்டது, காற்று விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நீளச் சாலை... இரண்டு பக்கமும் வயதான மரங்கள். ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் தெருவிளக்கும் இல்லை. அந்தச் சாலையில் ஒரு வேனை நிறுத்திவிட்டு நாலே நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னல் பக்கம் இருக்கிறவர் வெளியே பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்தால் போதும். இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

சித்தப்பாவுக்கு மரம் ஏறி வெட்டுகிற வேலை. காட்டில் இல்லை, நகரத்தில். கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவே கயிற்றில் தொங்கிக்கொண்டு, கிளையைத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். கீழே மூன்று பேர். கயிறு பிடிக்கிறவர் ஒருவர், வேன் டிரைவர் ஒருவர், மூன்றாவது சித்தப்பாவின் மச்சினன்.

மச்சினன் என்றால் சும்மா மச்சினன் இல்லை. தாயில்லாத அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சித்தி. அவனுக்கு முப்பது வயதான பிறகும், சாப்பிட்டானா என்று கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவனை இந்த வேலைக்குச் சேர்த்த அன்று புருஷனிடம் அவள் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க கூட்டிட்டுப் போறீங்க. நீங்கதான் கூட்டிட்டு வரணும்." அது சித்தப்பாவின் மனதில் அப்படியே தைத்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ரம்பத்தை வைப்பதற்கு முன் மேலே இருப்பவர் "கீழே?" என்று கேட்பார். கிளை விழும் இடத்தைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராக "விலகிட்டேன்" என்று சொல்ல வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் வெட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆட்கள் எதைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள்? ஒருவன் டீ குடிக்கப் போனால் இன்னொருவன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். அவன் குரலிலேயே கொடுப்பான். அதில் ஒரு போட்டி, ஒரு சிரிப்பு.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. மரத்தூள் பட்டாலே தும்முவார் என்பதால் "தும்மல்" என்று பெயர் வாங்கிய ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சித்தப்பா கேட்டார், எல்லாக் குரலும் வந்தது, தும்மலின் குரலும் வந்தது. வெட்டினார். தும்மல் அப்போது கிளைக்கு நேர் கீழே குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்... அவருக்குப் பதிலாகக் குரல் கொடுத்தது யார் என்று சித்தப்பா கேட்காத நாள் இல்லை. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து சித்தப்பா ஆளே மாறிவிட்டார். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, இன்றைக்கு என்னென்ன விபரீதம் நடக்கலாம் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்வார். "அவனவன் வாய்க்கு அவனவன்தான் பொறுப்பு. அடுத்தவனுக்காக எவனாவது பதில் சொன்னா, அன்னையோட அவன் வீட்டுக்குப் போகலாம்." முதலில் கிண்டல் செய்தார்கள். அண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது என்றார்கள். பிறகு மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள்.

இப்போது அந்த ராத்திரிக்கு வாருங்கள்.

புயலில் ஒரு பெரிய கிளை முறிந்து, பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் சாலைமேல் தொங்கியது. மேஸ்திரி போனுக்குமேல் போன். விடிவதற்குள் ஆம்புலன்ஸ் போக வழி வேண்டுமாம். சித்தப்பா இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினார். ஈரப் பட்டையின் வாசனை, பெட்ரோல் வாசனை. நெற்றி விளக்கு அவருக்கு முன்னால் இருந்த கிளையை மட்டும் காட்டியது. கீழே பார்த்தால் வெறும் இருட்டு.

சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கேட்டார், பதில் வந்தது, வெட்டினார். கடைசியாக அந்தப் பெரிய கிளை.

"கீழே?"

"விலகிட்டேன்." கயிற்றுக்காரர்.

"விலகிட்டேண்ணே." டிரைவர்.

"விலகிட்டேன் அத்தான்." மச்சினன்.

மோட்டார் ரம்பத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்... டுர்ர்ர் என்று உறுமிவிட்டு அணைந்தது. நேரமாகிவிட்டதே, மறுபடியும் கேட்டுவிடுவோம் என்று நினைத்தார். நினைக்கத்தான் செய்தார். வாயைத் திறக்கவில்லை.

"விலகிட்டேன் அத்தான்."

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. மற்ற இரண்டு பேரும் பேசவில்லை. கேட்காத கேள்விக்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்... டப்... டப்...

சித்தப்பா கீழே குனிந்தார். குரலை உயர்த்தினார். "எல்லாரும் வேன் ஹெட்லைட்டுக்கு முன்னாடி வந்து நில்லுங்க. எனக்கு மூஞ்சி தெரியணும்."

"நேரமாகுதுண்ணே. மேஸ்திரி காதைத் திருகிருவாரு," என்றார் டிரைவர்.

"திருகட்டும். வந்து நில்லு."

டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வந்து நின்றார். கயிற்றுக்காரர் வந்து நின்றார். அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் மட்டும்.

சித்தப்பா நெற்றி விளக்கைக் கழற்றிக் கீழே வெளிச்சம் அடித்தார். கிளைக்கு நேர் கீழே மச்சினன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுந்த கிளைகளில் சிக்கிய கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு காதிலும் ரம்பச் சத்தத்துக்காக மாட்டுகிற காதுமூடி.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது. மச்சினனைச் சட்டையோடு இழுத்து வெளியே கொண்டுவந்து காதுமூடியைப் பிடுங்கினார்.

"பதில் சொன்னியாடா?"

"எதுக்கு அத்தான்? நீங்க கூப்பிடவே இல்லையே."

சித்தப்பா டிரைவரின் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. "சத்தியமா நான் இல்லண்ணே. என் பக்கத்துலேருந்துதான் கேட்டுச்சு. அவன் நிக்கறான்னு நினைச்சேன்."

கயிற்றுக்காரர் மேலே அந்தக் கிளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தும்மல் போன அன்னைக்கும் நாங்க யாரும் குரல் கொடுக்கல. நீங்கதான் நம்பல."

சாலையின் இரண்டு பக்கமும் குறுக்கே கயிறு கட்டினார்கள். சித்தப்பா மேஸ்திரிக்குப் போன் செய்து, வெளிச்சம் வந்த பிறகுதான் வெட்டுவோம், அதுவரை ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் போகட்டும் என்றார். அந்தப் பக்கம் வண்டை வண்டையாக வசவு. வேலை போனால் போகட்டும் என்று போனை வைத்துவிட்டார். மச்சினன் உயிரோடு இருக்கிறான், அவருக்கு அது போதும்.

வேன் வீட்டுக்குக் கிளம்பியது. பின் இருக்கையில் சித்தப்பாவும் மச்சினனும். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். முக்கால்வாசி தூரம் போனதும் சித்தியின் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டிருக்கோம். தம்பி நல்லா இருக்கான். கவலப்படாத."

"அவன்தான் உங்களுக்கு முன்னாடியே வந்துட்டானே. வாசல்ல நின்னு அக்கா அக்கான்னு கூப்பிட்டுட்டிருக்கான். இருங்க, கதவத் தொறந்துட்டு வந்து பேசறேன்."

சித்தப்பா குனிந்து பார்த்தார். மச்சினன் அவர் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"தொறக்காத..." என்று கத்தினார். போனை எங்கோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. காலடிச் சத்தம் தள்ளிப் போனது. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை... பிறகு சித்தியின் குரல், எப்போதும்போல வாஞ்சையாக.

"ஏண்டா தலையக் குனிஞ்சிட்டே நிக்கற? உள்ள வா."