நீலப் பட்டு கட்டிய குதிரை

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எப்போதும்போல உப்புத் தேநீர் வைத்தேன். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. என் கணவர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

விசாரிக்க வந்த நீங்கள் நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். குதிரையிலிருந்து தொடங்காவிட்டால் அது உங்களுக்குப் புரியாது.

எங்கள் மகன் தூமெனுக்கு ஐந்து வயதில் வலிப்பு வந்தது. மாதத்தில் நான்கைந்து முறை. லாமா வந்தார். எங்கள் மந்தையில் மூன்று வயதுச் சாம்பல் குதிரை ஒன்றின் பிடரியில் நீலப் பட்டைக் கட்டி, அதை வானத்துக்கு நேர்ந்துவிட்டார். நேர்ந்துவிட்ட குதிரைமேல் ஏறக் கூடாது. விற்கக் கூடாது. மனிதர் கையால் அது சாகவும் கூடாது. இரண்டு வருடத்தில் வலிப்பு நின்றது. இன்று தூமென் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். அந்தப் பட்டை நான் நம்புகிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாம்பல் குதிரை வயது ஏற ஏற வெளுக்கும். வெளுத்த குதிரைக்கு வாலுக்கு அடியில் கறுப்புக் கட்டி வருவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் குதிரைக்கு ஐந்து வருடம் முன்பு வந்தது. ஆட்டுப் புழுக்கை அளவில், கொத்தாக. பிறகு கைமுட்டி அளவு. என் கணவரின் அத்தை மகன் குதிரைமயிரால் கட்டியின் அடியை இறுக்கிக் கட்டினால் தானாக விழும் என்றார். கட்டினோம். விழுந்தது. அந்த இடத்தில் இரண்டு வந்தன. டீசல் தடவச் சொன்னார்கள். அதையும் தடவினோம். கட்டிகள் உடைந்து தார் போல வடியத் தொடங்கின.

கால்நடை மருத்துவர் புரேவ்ஜாவ் வந்து வாலைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“வெட்டுனா ஒண்ணு பத்தாகும், அண்ணே. வீட்டுல துப்பாக்கி இருக்கில்ல?”

என் கணவர் பிடரியைக் காட்டினார்.

“பட்டு எனக்கும் தெரியுது. புழுவுக்குத் தெரியுமா?” என்றார் புரேவ்ஜாவ்.

பட்டை இளங்குதிரை ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று லாமாவே சொன்னார். என் கணவர் கேட்கவில்லை. பிள்ளையின் நோயைச் சுமந்தவனை வயதான காலத்தில் வேலையை விட்டுத் துரத்துவதா என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கழுவுவது என் வேலையாயிற்று. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வெந்நீரில் உப்பு. வாலைப் பின்னி ஒரு பக்கமாகத் துணியால் கட்டிவிட வேண்டும். கோடையில் புழுவை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசி ஒரு வருடமாக லத்தி தானாக வெளியே வரவில்லை. விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு நான்தான் எடுத்தேன். அது திரும்பி என்னைப் பார்க்கும். உதைத்ததில்லை.

அவரால் அந்த இடத்தைப் பார்க்க முடியாது. தலைப் பக்கம் நின்று தவிடு கொடுப்பார், காதில் ஏதாவது பேசுவார். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் வந்தால், “நான் போனா காலைத் தூக்குறான், இவ போனா வாலைத் தூக்குறான். யாரு மேல பாசம்னு நீங்களே சொல்லுங்க” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் வருடம் நானும் சிரித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. பெயர் எழுத வேண்டுமென்றால் லுவ்சாந்தாஷ் என்று எழுதுங்கள். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் முறை.

இந்தக் குளிர்காலம் முடியும்போது குதிரை படுப்பதை நிறுத்திவிட்டது. படுத்தால் எழ முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இரவும் பகலும் நின்றது. மனிதர் கையால் சாகக் கூடாது என்பதுதானே கட்டளை. ஓநாய் கொண்டுபோனதை வானம் கொண்டுபோனதாகவே எங்களில் நினைப்பார்கள். அதற்கு யாரும் அழுவதில்லை.

திங்கட்கிழமை அவர் கிணற்றுக்குப் போயிருந்தார். நான் குதிரையைத் தெற்கே கருங்கல் பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேர நடை, அது நடந்த வேகத்தில் மூன்று மணி நேரம் ஆனது. போன மாதம் அங்கேதான் ஓநாய் இரண்டு ஆடுகளை அடித்தது. நகர முடியாதபடி மூன்று கால்களைச் சேர்த்துத் தளை போட்டேன். நான் கொல்லவில்லை. கட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சாணம் பொறுக்கப் போகிறேன் என்று கூடையில் தண்ணீர்க் குடுவையை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அப்படியே நின்றது. ஓநாய் வந்த தடம் இல்லை. தாகத்தோடு விடுவது பாவம் என்று தண்ணீர் கொடுத்தேன். புதனும் போனேன். வியாழனும் போனேன். வியாழக்கிழமை உப்புத் தண்ணீரும் கொண்டுபோனேன். கழுவினேன். பழகிய கை, சும்மா இருக்கவில்லை.

அவர் செவ்வாய் கிழக்கே தேடினார். புதன் மேற்கே. வியாழன் கிணற்றுப் பக்கம் வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “எங்கியோ விழுந்து கெடக்கான். கூப்பிடக் கூடத் தெரியாது அவனுக்கு” என்றார். தெற்கே நான் தினமும் போய்வருவதால் அந்தப் பக்கம் இருந்தால் நானே பார்த்திருப்பேன் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை தேநீருக்குப் பிறகு வெளியே போய்ச் சேணம் பூட்டினார். எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டார். வடக்கே மேட்டில் புதிதாக லத்தி கிடந்தது என்றேன். அது தானாக லத்தி போடாது என்பது அவருக்குத் தெரியாது. முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு தூரம் போயிருக்கிறானா என்றார். தெற்கிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத்தான் வடக்கே என்று சொன்னேன். வேறு எண்ணம் அப்போது இல்லை.

ஆடுகள் பட்டியை விட்டு நகராமல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மேற்கே அடிவானம் மண் நிறத்தில் இருந்தது. கூடாரத்துக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் பனிப்புயல் வரும், மந்தையை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்கள்.

“ரேடியோல என்ன சொல்றான்?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“பாட்டுதான் போடுறான்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். போகாதீர்கள் என்று சொன்னால், குதிரை புயலில் கிடக்கிறதே என்று இன்னும் அவசரமாகப் போவார். அவரைத் தெரிந்தவள் நான். எப்படியும் போகிறவரை நான் என்ன செய்ய முடியும்?

அவர் மெல்லிய வசந்தகால அங்கி போட்டிருந்தார். ஆட்டுத்தோல் அங்கி கட்டில்மேல் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், புயல் வருவது எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அவர் மேடு ஏறி மறையும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மடித்து வைத்தேன்.

பதினொரு மணிக்குப் புயல் பிடித்தது. மறுநாள் மதியம் விட்டது. அவருடைய குதிரை சேணத்தோடு தனியாக வந்து நின்றது. பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் மோட்டார் சைக்கிளில் வடக்கே போனார்கள். நான் தெற்கே போனேன். பள்ளத்துக்குள் காற்று இறங்கவில்லை. முதுகில் ஒரு சாண் பனியோடு அது நின்றது. ஓநாய் வரவேயில்லை. தளையை அவிழ்த்து வீட்டுக்கு ஓட்டிவந்தேன். வாசலில் காத்திருந்தவர்கள், புயலில் தானாகவே திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கண்டுபிடித்தார்கள். நான் சொன்ன மேட்டுக்கு அப்பால், பாறை ஓரமாக விறைத்து உட்கார்ந்திருந்தாராம். அங்கி மடிப்புக்குள் தவிடு இருந்தது.

நான் சொன்னதில் ஒன்றும் கூட்டவில்லை. குதிரையின் வேதனை பொறுக்காமல்தான் எல்லாம் நடந்தது. இதையே தூமெனிடமும் நேற்று சொன்னேன். அவன் எழுந்து வெளியே போனான். குதிரையின் பின்னால் நின்று, துணியை அவிழ்த்து வாலைத் தூக்கிப் பார்த்தான். இதுவரை அவனும் பார்த்ததில்லை. மறுபடி கட்டத் தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“அப்பா அவனத் தெற்கே தேடிக் கண்டுபிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?”