பெத்ரோவின் பெரிய மனசு

பேப்பர அப்பிடி மேசை மேலயே வைங்க, நுஃமான் பாய். கையெழுத்து எங்க ஓடிப்போகுது. மொதல்ல உக்காருங்க. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ விட்டுட்டு இந்த அஜ்மான் ஆஸ்பத்திரிக்கு அலையா அலையுறீங்க, எனக்கே கூச்சமாருக்கு. மன்னிச்சேன்னு நான் எழுதிக் குடுத்தா ஒலெக்க ஜெயில்லருந்து விட்டுருவாய்ங்க, அதான? புரியுது.

நடந்தது உங்களுக்கு முழுசாத் தெரியாது பாய். அந்தக் கப்பல் ரிப்பேருக்கு எங்க யார்டுல ஏறுனப்ப ஒலெக்கும் பெத்ரோவும் ஒரே தட்டுல தின்னவய்ங்க. ரெண்டு பேரும் உக்ரைன்காரய்ங்க. அங்க எலெக்சன்ல கள்ள ஓட்டுன்னு ஊரே ரோட்டுக்கு வந்துச்சுல்ல, அன்னைக்குப் புடிச்சது சனி. ஆட்சிய மாத்தணும், ஐரோப்பாவோட சேரணும்னு பெத்ரோ. அதெல்லாம் ஏமாத்து, ரசியாக்காரன விட்டா நமக்கு நாதியில்லன்னு ஒலெக். மெஸ்ல மேசையே ரெண்டாப் போச்சு. நம்மூர்ல கட்சிக்கு ஒரு டீக்கடை இருக்கும்ல, அதே கதைதான்.

கோர்ட்டு மறு ஓட்டுன்னு சொன்ன அன்னைக்கு பெத்ரோ அவன் கட்சிக் கலர்ல ஆரஞ்சுத் துணி ஒண்ண கப்பல் கம்பியில கட்டுனான். ஒலெக் அதப் பிச்செறிஞ்சு மிதிச்சான். பெத்ரோ ஸ்பானரால அவன் வாயிலயே போட்டான். பல்லு தெறிச்சு என் ஹெல்மெட்டுல பட்டுச்சு. ஒலெக் தீயணைக்க வச்சிருந்த கோடாலிய உருவிட்டான். மொத வீச்சுல பெத்ரோ காது போச்சு. அடுத்தது கழுத்துக்கு வந்துச்சு. நான் குறுக்க விழுந்தேன். இந்த இடது தோள்ல இறங்கி எலும்புல நின்னுச்சு.

கோவமா? இல்லாம இருக்குமா பாய்? அதே கோடாலிய வாங்கி அவன் மண்டையில போடணும்னு இருக்கு. ஆனா அதுக்காக நான் இழுத்தடிக்கல.

பெத்ரோவா? டெய்லி ஆப்பிளத் தூக்கிட்டு வந்துருவான். வேலு, சைன், கலாஸ், முடிஞ்சுதுங்கிறான். ஆமா, அவன் அப்பவே மன்னிச்சு எழுதிக் குடுத்துட்டான். காது போனவனுக்கே பெரிய மனசு, உனக்கென்னய்யாங்கிறீங்க. கப்பல் செவ்வாக்கிழமை கிளம்புதாம், அதுக்குள்ள ஒலெக்க ஏத்திரணும்னு துடிக்கிறான். தன் கேபின்லயே அவனுக்கு எடம் போட்டு வச்சிருக்கானாம்.

ஒலெக் பொண்டாட்டி போன்ல அழுகுதா? அழுகட்டும். அது புருசன் உள்ளயே இருக்கட்டும். கப்பல் போகட்டும். போனதுக்கப்புறம் வாங்க, ஒண்ணுக்கு ரெண்டாக் கையெழுத்துப் போடுறேன்.

சந்தேகப் புத்தியா? இருக்கலாம் பாய். எங்கண்ணன் வீரபாண்டி பஞ்சாயத்து எலெக்சன் அடிதடியில உள்ள போனான். நான் அப்ப சவுதியில, அல் கோபார்ல. ஜாமீன் எடுக்க ஆளில்ல. எதிர்க்கட்சி கோபாலசாமி, எங்கண்ணங்கிட்ட வெட்டு வாங்குனவன், அவனே ஆள் புடிச்சு எடுத்துவிட்டான். பகை தீந்துச்சுன்னு எங்க மதினி சரோஜா அவன் கால்லயே விழுந்துச்சு. நானும் போன் போட்டு, நல்லாருங்கண்ணேன்னேன். மறுநாள் காலையில கண்டிசன் கையெழுத்துப் போட ஸ்டேசனுக்கு நடந்து போன எங்கண்ணன, நடுரோட்டுல கோபாலசாமிதான் வெட்டுனான். ஜெயிலுக்குள்ள இருக்கவன வெட்ட முடியாதுல்ல பாய், அதான் வெளிய எடுத்தான்.