பெல்ட்டைப் பிடிக்கிறவன்

பைனாகுலரில் பார்க்கிறவனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும், ஐயா. பறவை நகர்ந்தால் இவனும் நகர்வான். அதனால் கல்குவாரி விளிம்பில் நானும் வளவனும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் எட்டிப் பார்க்கும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

எனக்குத் திருவாலங்காட்டில் கரும்பு. அவன் திருத்தணியில் வாத்தியார். ஞாயிறு விடிந்தால் கைவிடப்பட்ட அந்தக் குவாரியில் இருப்போம். எதிர்ப்பாறைப் பொந்தில் கொம்பன் ஆந்தை ஜோடி குஞ்சு பொரித்திருந்தது எங்கள் இருவருக்குத்தான் தெரியும். ஆட்கள் வந்தால் தாய் குஞ்சை விட்டுப் போய்விடும், மூன்றாம் ஆளுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவனே அவன்தான். என் மனைவி ஜம்பகத்துக்குக்கூட நான் சொன்னதில்லை.

கரும்பு வெட்டு வந்ததால் மூன்று வாரம் நான் போகவில்லை. மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷனில் கேமராவோடு நின்றிருந்த இரண்டு சென்னைக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"அந்த வாத்தியார் ஆந்தப் பொந்தயே காட்டிட்டாருப்பா."

வயிறு எரிந்தது. மறைப்பானேன். ஆனால் ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன்.

போன ஞாயிறு வழக்கம்போல் போனோம். அவன் விளிம்பில் சாய்ந்தான். நான் பெல்ட்டைப் பிடித்தேன்.

"மெட்ராஸ்காரங்கள இங்க இட்டாந்தியா, வாத்தியாரே?"

"ஆங். உன்னாண்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான், பைனாகுலரை இறக்காமலே.

நான் தள்ளவில்லை. என் கை அவன் முதுகில் படவே இல்லை. பிடியை விட்டேன், அவ்வளவுதான். நான் பிடித்திருக்கிற தைரியத்தில் அவன் எப்போதும் அந்த அளவுக்குச் சாய்வான். அந்தக் குஞ்சுகளுக்கு வேறு நாதி ஏது? அவற்றுக்காகத்தான் செய்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். நடுவில் அவன் இன்னும் கொஞ்சம் பேசினான்.

"குஞ்சுங்க பறந்து பத்து நாளாச்சி மோகனா. கூடு காலி, அதனாலதான் அவங்களுக்குக் காட்டினேன். ரெண்டும் ஒண்ணா கெளம்பிச்சிப்பா. நான் உக்காந்து பாத்துக்கினே இருந்தேன். இன்னா அழகு தெரியுமா!"

பதினோரு வருஷம் கூட இருந்தவனுக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை அவனுக்கு. தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஐயா. அதற்கப்புறம்தான் விட்டேன்.